பாக்கு கடித்த இரண்டு மண்டை ஓடுகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். படப்பை சாலையில் ஓலைக் கொட்டகை போட்டு லேத்துப் பட்டறை வைத்தேன். கரண்டு கிடைக்காத நாளில் டீசல் என்ஜினை மாட்டி ஓட்டினேன். வடக்குப்பட்டுக் கிணறுகளில் பாதி மோட்டாருக்கு நான்தான் வைத்தியன். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்தவன் மண்டை ஓட்டைப் பாக்கு கடிக்க வைத்தேன். இதைத்தான் இன்று ஒருவரும் நம்புவதில்லை.

1991. பல் மருத்துவத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஓர் அம்மா, இரண்டு மண்டை ஓடுகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பாக்கு கடிக்க எந்த முகத்துக்கு எவ்வளவு பாரம் வேண்டும் என்று பார்க்க வேண்டுமாம். ஒன்று அகல முகம், மற்றது நீள முகம். தசைக்குப் பதிலாகக் கன்னத்து எலும்பிலிருந்து தாடைக்கு சைக்கிள் பிரேக் கம்பி கட்டினேன். கம்பியை இழுக்க இரும்புத் துண்டுகளைத் தொங்கவிட்டேன். அகல முகம் நாலு துண்டிலேயே பாக்கை உடைத்தது. நீள முகம் ஆறு போட்டும் உடைக்கவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி நீள ஓட்டைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அகல முகம். "உன்ன மாதிரியே குதிர மூஞ்சி மாமா. நீ என்னிக்கி பாக்கு கடிச்ச?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆராய்ச்சி அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, கடப்பாறைய எங்க புடிக்கிறோம்ன்றதுதான் கணக்கு. மூஞ்சி நீண்டா கம்பிக்குப் புடி பத்தாது. அதே பாக்க ஒடைக்க பாரம் ஏத்தினே போவணும், கன்னத்து எலும்பு தாங்காது. நிறுத்துங்க."

"இன்னும் ரெண்டு போடுங்க" என்றார். போட்டேன். கன்னத்து எலும்பு சடக்கென்று முறிந்தது. அந்த அம்மா அழுதேவிட்டார், ஓடு கல்லூரியுடையதாம்.

அதன்பிறகு கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து நானே போனேன். நூலகத்தில் இருந்தவர் அந்த ஆராய்ச்சிப் புத்தகத்தை எடுத்து, தமிழில் சொன்னார். முகம் நீண்டால் மெல்லும்போது கன்னத்து எலும்புக்குப் பாரம் கூடும் என்று பக்கம் பக்கமாக இருந்தது.

"நான் எங்க கீறேன் சார்?"

"ஒரே ஒரு வரிதான் பெரியவரே. பட்டறைக்காரர் கவனக்குறைவால ஓடு முறிஞ்சதுன்னு போட்டுக்கீது."

பேருந்தில் எப்படி ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று தெரியாது. அன்று விழுந்த மனசு இன்னும் எழவில்லை. லேத்துச் சத்தமே வெறுத்துப்போனது. சாட்சி சொல்லியிருக்க வேண்டிய மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யாரிடம் நிரூபிப்பேன்?

முறிந்தது என் கையில்தான். கல்லூரிக்காரர்களே, அந்த வரியை அடிக்க வேண்டாம். முறியும் என்று முன்னாலேயே சொன்னவனும், ஏன் முறியும் என்று சொன்னவனும் நான்தான். அதே பக்கத்தில் அதையும் எழுதுங்கள்.