சித்தியின் பாவாடையும் மன்னார்ச் சுளகும்

அப்பாவின் கணக்கில் உடுப்பு இரண்டே வகை: கோயிலுக்குப் போடுவது, வேலைக்குப் போடுவது. சித்தி அந்தக் குளிர்காலம் முழுக்கத் தைத்தது இரண்டிலும் சேரவில்லை. நூறு வருடங்களுக்கும் முந்திய சீமாட்டிகளின் உடுப்பு அது. இடுப்புக்குக் கீழே பின்பக்கம் மட்டும் மேசைபோல உப்பி நிற்கும்.

பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த சிற்றூரில் கோடையில் ஓர் ஊர்வலம் நடக்கும். பழைய தையல் மாதிரித் தாள்களைப் பார்த்துத் தாங்களே தைத்தவர்கள் அந்த உடுப்போடு அதில் நடக்கலாம். சித்தி ஹோட்டலில் படுக்கை விரிக்கும் வேலை செய்தார். அங்கே அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. நடந்தே தீருவேன் என்று நின்றார். தாளிலிருந்த ஜெர்மன் சொற்களை வாசித்துச் சொன்னது நான். ஏழு வயதில் அது எனக்குப் பெரிய உத்தியோகம்.

"உந்தக் கோலத்தோட றோட்டில போனா சனம் சிரிக்கும்" என்றார் அப்பா.

ஊர்வலத்தன்று காலை, உள்ளே வைத்த கம்பி வளையங்கள் வெல்வெட்டின் பாரம் தாங்காமல் மடங்கின. பாவாடை பொத்தென்று அமுங்கிவிட்டது.

"ஏலாது அக்கா, நான் போகேல்லை" என்று சித்தி கழற்றத் தொடங்கினார்.

அதுவரை இந்த விஷயத்தில் வாயே திறக்காத அம்மா குசினிக்குள் போய், மன்னாரிலிருந்து சூட்கேசில் வந்திருந்த, அரிசி புடைக்கும் சுளகோடு திரும்பினார். "கழட்டாதை. பேசாமல் திரும்பி நில்லு." சுளகை இடுப்போடு நாடாவால் இறுக்கிக் கட்டி, பாவாடையை மேலே விழுத்தினார். தாளிலிருந்த படத்தைவிட வடிவாக நின்றது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள். தூரத்தில்தான் நிற்பேன் என்றிருந்த அப்பா, புது டிஜிட்டல் கேமராவோடு சனத்தை இடித்துக்கொண்டு முன்னுக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் "என்ர மச்சாள், தானே தைச்சவா" என்று ஜெர்மனில் அளந்துகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எங்களைக் கடந்தபோது சித்தியின் கன்னமெல்லாம் கண்ணீர். நான் பதறிப்போய்க் கத்தினேன்: "சித்தி, சுளகு குத்துதோ?"

"ஓமடி, குத்துது!" சிரித்தபடியே நடந்தார்.

இவ்வளவு நோவோடும் எவ்வளவு நிமிர்ந்து நடக்கிறார் என்று எனக்குப் பெருமை பொங்கியது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அவர் இடுப்புக்குப் பூசிவிட எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.