சனி, ஞாயிறு மட்டும் மக்கர் செய்த ஃப்ளஷ்

எழுபதுகளின் பிற்பகுதி. காரைக்காலில், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஓர் அம்மாள் வீட்டு மாடியில் குடியிருந்தோம். என் கணவருக்கு எல்லை தாண்டிப் பொறையாறு பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவார்.

அந்த வீட்டுக் கக்கூஸில் தலைக்கு மேலே இரும்புத் தொட்டி. அதிலிருந்து ஒரு சங்கிலி தொங்கும். இழுத்தால் ஜோராகக் கொட்டும். திடீரென்று அதற்கு என்னவோ ஆயிற்று. சனி, ஞாயிறுகளில் இழுத்தால் கொஞ்சம் வடிந்துவிட்டு நின்றுவிடும். வாளி வாளியாக ஊற்றி மாளவில்லை. பைப்புக்காரரோ வார நாளாகப் பார்த்துத்தான் வருவார். அப்போது எந்தக் குறையும் இருக்காது. "நல்லாத்தானேங்க போவுது" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

எனக்குக் கீழ்வீட்டம்மாள் மேல்தான் சந்தேகம். பிரான்சிலிருந்து மகன் வருகிறானாம். எங்களைக் கிளப்பத்தான் குழாயைத் திருகி வைக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கோ என் மேல் சந்தேகம். "மீன் செதிலெல்லாம் அதுல கொட்டுறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

சனிக்கிழமை என்றால் மாயவரத்திலிருந்து என் நாத்தனார் கணவரும் வந்துவிடுவார். சனி தோஷமாம், வாராவாரம் திருநள்ளாறு. எங்கள் வீட்டில் தங்கித் திங்கள் காலையில் ஊர் திரும்புவார். திருநள்ளாற்றில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் உடுத்திய துணியைக் குளத்திலேயே விட்டுவிடுவது வழக்கம். இவர் போன வேட்டியோடே திரும்புவார். தலையில் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்காது. ஏதோ இடிக்கிறதே என்றேன். "மாமாவையே சந்தேகப்படுறியா?" என்று கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை சங்கிலியை இழுத்தேன். இரண்டு நாளாக வடிந்துகொண்டிருந்தது, தடதடவென்று கொட்டியது. யாரும் ரிப்பேர் செய்யவில்லையே என்று யோசித்தபடி வெளியே வந்தால், கணவர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். தோளில் நாத்தனார் கணவரின் துணிப்பை.

"வயிறு சரியில்ல தங்கச்சி, இன்னைக்கு இங்கயே கெடக்குறேன். பையில விபூதிப் பிரசாதம்தான். பொறையாறு பஸ் ஸ்டாண்டுல நம்ம கூட்டாளி வாங்கிக்குவாரு" என்றார் அவர்.

பையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. விபூதிக்கு எதற்கு ஈரம்? கையை விட்டுப் பார்த்தேன். மேலே விபூதிப் பொட்டலம், அடியில் சில்லென்று சாராய பாட்டில்கள். காரைக்காலில் சாராயத்துக்குத் தடையில்லை; தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம். தொட்டியில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் இவைதான் ஒளிந்திருந்தன.

"சாமி காரியத்துல கை வைக்காத தங்கச்சி."

"சாமி காரியம்னா நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்று பையைப் பிடுங்கி அவரிடமே கொடுத்தேன். கணவர் சாப்பாட்டுத் தூக்கோடு மட்டும் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பியவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் சோதித்தார்களாம். "தூக்கு மூடியக்கூட தெறந்து பார்த்தாங்க" என்றார். அந்தப் பை தோளில் இருந்திருந்தால் வேலை போயிருக்கும், மானமும் போயிருக்கும்.

நாத்தனார் வெகுகாலம் எங்களோடு பேசவில்லை. உறவுக்குள் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். இருக்கட்டும். இன்றுவரை யார் எதைக் கொடுத்தனுப்பினாலும் என் கணவர் என்னிடம் ஒருமுறை நீட்டிவிட்டுத்தான் எடுத்துப் போகிறார். அவிழ்த்துப் பார்த்துவிட்டு நம்பினால் எந்த நம்பிக்கையும் குறைந்துவிடாது என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.