நாலு பேர் சுமந்த அற்புதம்

சடையண்ணன் உயிர் பிரிந்தபோது அவர் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: அவர் மனைவி வெள்ளையம்மா, தம்பி கரியான், கோயில் பூசாரி, நான். செவ்வாய்க்கிழமை, உச்சிவேளை. தேவனூர் நாட்டிலும் சோளக்காட்டுப் பக்கமும் இருக்கிற உங்களுக்கு இந்தக் கடிதத்தோடுதான் செய்தி வந்து சேரும். உங்கள் வீட்டில் ஒருவரையாவது அவர் கம்பில் கட்டிய டோலியில் சுமந்து மலை இறக்கியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்த ஐப்பசி மழையில், செம்மேட்டிலிருந்து அடிவாரத்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவளைச் சுமந்த நாலு பேரில் அவர் முன்தோள். நோயாளி இருக்கும் டோலியைத் தரையில் வைக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வைத்தால் பாடை இறக்கின மாதிரி ஆகிவிடுமாம். வழுக்குப்பாறையில் கால் பிசகி முழங்கால் கிழிந்தபோதும் அவர் தோளை இறக்கவில்லை. "கண்ணு தூங்குதுங்க அம்மிணி, எழுப்பிராதீங்க" என்று என்னையே அதட்டினார்.

ஊசி போட்டு எட்டாம் நாள் மகள் நடந்து வந்தாள். நானாக எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். சாமி செய்த நன்மைகளை நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அன்று, "அற்புதம் நடந்தது, மகள் பிழைத்தாள்" என்று எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்குங்க. நாங்க நாலு பேரு அதுல எங்கீங்க?"

"சாமி செஞ்சதுக்கு மனுசன் பேரு எதுக்குங்கண்ணா?"

"சாமிக்குக் காலு வலிக்காதுங்க அம்மிணி. எங்களுக்கு வலிச்சுதுங்களே!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "அற்புதம்னு எழுதுங்க, வேண்டாங்கல. எத்தனை பேரு தூக்குனாங்கன்னும் சேத்து எழுதுங்க. இல்லாட்டி நாளைக்கு எல்லாரும் சும்மா உக்காந்துக்குவாங்க."

நான் எழுதவில்லை. சாமிக்குப் பங்கு கேட்கிறாரே என்று உள்ளுக்குள் கோபம்கூட வந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல் ஏறியது. திங்கள் காலையில் கரியான், "ஆளுங்களக் கூட்டியாரட்டுமா, அண்ணன இறக்கீரலாம்" என்றான். டோலிக் கம்பு வீட்டுக் கூரை இறவாணத்திலேயே செருகியிருந்தது. நான்தான் தடுத்தேன். "பொறு கரியா. திருநீறு போட்டிருக்கு. இத்தன உசுரக் காப்பாத்துனவரு, அவருக்கு ஒரு அற்புதம் நடக்காமப் போயிருமா?" படித்தவள் சொல்கிறாளே என்று அவனும் உட்கார்ந்துவிட்டான். எல்லோருமே உட்கார்ந்துவிட்டோம்.

சாயங்காலம் அவர் கண் விழித்து, "டோலி வந்துருச்சா?" என்று கேட்டார். "வந்துட்டிருக்குதுங்க மாமா" என்றாள் வெள்ளையம்மா. யாரும் போகவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. மறுநாள் உச்சிவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமிமேல் எனக்குக் குறையில்லை. நாலு தோளைச் சாமி கொடுத்துத்தான் வைத்திருந்தார். கூப்பிட விடாமல் செய்தவள் நான். வெள்ளையம்மாவிடம் சொல்லி அழுதேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. சடையண்ணன் தோளில் போடும் மடித்த துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். இன்னும் வேர்வை வாடை போகாத அந்தத் துண்டும், அவர் சொன்ன அந்த ஒரு பேச்சும்தான் என்னிடம் இருக்கின்றன. நோட்டில் அந்தப் பழைய வரிக்குக் கீழே நாலு பெயரையும் எழுதிவிட்டேன். முதல் பெயர் அவருடையது.

டோலிக் கம்பு இப்போது என் வீட்டில் இருக்கிறது. கரியான் ஒரு தோளுக்கு வருகிறான். இன்னும் மூன்று பேர் வேண்டும், காய்ச்சல் என்று கேட்டதும் யாரையும் கேட்காமல் புறப்படுகிறவர்கள். உங்கள் ஊரிலிருந்து யார் வருவார்கள்? எழுதத் தெரியாதவர்கள் சந்தைக்கு வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். மழைக்காலம் நெருங்குகிறது. சீக்கிரம் பதில் வேண்டும்.