மில்க்காரர் கொடுத்த பெல்ட்

மாவு மில்க்காரருக்கு இடது காது கேட்காது. பதினான்கு வயதில், தொழில் கற்றுக் கொடுத்த முதலாளி விட்ட அறை அது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நழுவிய பெல்ட்டைக் கையால் தள்ளி மாட்டப் போனதற்காக விழுந்தது. கீழே விழுந்தவர் எழுந்தபோது உலகம் வலது பக்கம் மட்டும்தான் சத்தம் போட்டது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். அந்த ஓர் அறை விழவில்லை என்றால் எனக்குத் தொழிலே வந்திருக்காது என்பார். அறையால் வந்தது செவிடு. தொழில் அது பாட்டுக்குத் தானாக வந்தது. இதை அவரிடம் யார் எடுத்துச் சொல்வது? சொல்கிறவர் இடது பக்கம் நின்றுவிட்டால் அதுவும் போச்சு.

மற்றபடி மில்லுக்குள் காது எதற்கு? மோட்டார் போடும் கூச்சலில் நல்ல காதுக்காரனுக்கே ஒன்றும் கேட்காது. வருகிறவர்களின் உதட்டைப் பார்த்தே கோதுமையா மிளகாயா, நைசாகவா குறுணையாகவா என்று புரிந்துகொள்வார். இருபது வருஷப் பழக்கம்.

அவர் வாழ்க்கையைச் சொல்லப் போனால், யார் யார் அவரை அடித்தார்கள் என்று சொல்லியே முக்கால்வாசியை முடித்துவிடலாம். அப்பா செருப்பால் அடித்தார். அண்ணன் கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்தான். முதலாளி கையாலேயே காரியத்தை முடித்தார். கல்யாணமான புதிதில் இவரும் தன் பங்குக்கு மனைவியை ஒரு நாள் அறைந்தார். அவள் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிகிற கை. கொடியில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து நிதானமாக முறுக்கினாள். ஒரே வீச்சு. மில்க்காரர் மூன்று நாள் ஒருக்களித்துப் படுத்தார். அதற்குப் பிறகு அவர் கை அவள் பக்கம் நீண்டதே இல்லை.

இருவருக்கும் ஒரே மகள். அவள் மேல் அவர் உயிரையே வைத்திருந்தார். அவ்வப்போது முதுகில் ரெண்டு வைப்பார், காதைத் திருகுவார். அதையெல்லாம் அவர் அடியில் சேர்ப்பதில்லை.

மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்று, எல்லா அப்பன்மார்களும் சொல்வதைத்தான் அவரும் ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். கண்ணு ரெண்டை மட்டும் விட்டுடுங்க சார், மிச்சத்தை உரிச்சிடுங்க. மற்றவர்கள் வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவருக்கு வாயோடு நிற்கிற வழக்கம் கிடையாது. மறுநாளே அதற்கான கருவியையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த வாரம்தான் மில்லின் பெரிய பெல்ட் கிழிந்திருந்தது. மூன்று விரல் அகலம், ரப்பரும் கித்தானும் சேர்ந்த கனமான பெல்ட். நல்ல துண்டை மிளகாய் மெஷினுக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டார். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிப்பதற்கு இரும்புக் கொக்கிகளை வரிசையாக அடித்திருப்பார்கள். அந்த இணைப்பு உள்ள இடம் மறுபடி எதற்கும் ஆகாது. ஆகாத இடம்தானே என்று அதையே முழங்கை நீளத்துக்கு வெட்டினார். பிடி வழுக்காமல் இருக்கச் சணல் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். நுனியிலிருந்து நான்கு விரல் தள்ளி ரப்பருக்குள் நான்கு கொக்கிகள் புதைந்திருந்தன. அன்றைக்குத் தடவிப் பார்த்தால் வழவழவென்றுதான் இருந்தது.

ஹெட்மாஸ்டர் அதைக் காற்றில் ஒரு வீசு வீசிப் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரி நாலு பெற்றோர் இருந்தா போதும்" என்றார். மில்க்காரர் அந்தச் சொல்லை நாலு வருஷம் நெஞ்சில் வைத்துச் சுமந்தார்.

மாவு அரைக்க வரும் பிள்ளைகளின் உள்ளங்கையில் வரிசையாக நாலு புள்ளி இருப்பதை நடுநடுவே அவர் பார்த்ததுண்டு. பேனாவால் குத்திக்கொண்டு ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். ஒரு பையனை நிறுத்தி, படிக்கிற வயதில் இதென்ன வேண்டாத வேலை என்று திட்டிக்கூட அனுப்பினார். அந்தப் பையன் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனான்.

மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பரீட்சைக்கு ஏழே வாரம். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாவது தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. இவள் தாண்டப் போகிறாள் என்று கோதுமை கொண்டு வருகிறவர், மிளகாய் கொண்டு வருகிறவர், வழி கேட்க வருகிறவர் என எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார். அப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒரு மத்தியானம் மில் வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு கடிதத்தை நீட்டினான்.

மகள் ஒழுங்கு நடவடிக்கைக்குக் கட்டுப்பட மறுத்தாள், முட்டி போடச் சொன்னதற்குப் போடவில்லை, ஆசிரியரின் கையிலிருந்ததைப் பிடுங்கினாள், நாளைக் காலையில் பெற்றோர் இருவரும் வர வேண்டும், வராவிட்டால் டி.சி. என்று எழுதியிருந்தது. வாட்ச்மேன் தன் பங்குக்கு, பி.டி. வாத்தியாரையே அவள் தள்ளிவிட்டதாகக் கூட ஒன்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

மில்க்காரர் நாலு வருஷம் சுமந்த சொல் மண்ணாகப் போனது. மிளகாயில் கோதுமையைக் கொட்டினார். அதைப் பார்த்த கிழவி ஒருத்தி ஏதோ கேட்க, அவளிடம் எரிந்து விழுந்தார்.

நாலு மணிக்கு மகள் வழக்கம்போல் ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. முதல் அறையிலேயே அவள் மூட்டைகள் மேல் போய் விழுந்தாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்து மாவு படிந்த உதட்டில் இறங்கியது. வாத்தியாரையா தள்ளுவே, வாத்தியாரையா தள்ளுவே என்று அதையே சொல்லிச் சொல்லி முதுகிலும் தோளிலும் கண்மண் தெரியாமல் குத்தினார். வரிசையில் நின்றவர்கள் டப்பாவை அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்களே தவிர, ஒருத்தரும் வந்து தடுக்கவில்லை. பெற்ற பிள்ளையை அப்பன் அடிக்கும்போது ஊருக்கே கை கட்டிப்போய்விடும். அவள் திருப்பித் தள்ளவில்லை, ஓடவும் இல்லை. உதடு மட்டும் ஏதோ சொல்லி அசைந்தது. ஊரார் உதட்டையெல்லாம் படிக்கிற மனுஷன், அன்றைக்கு மகள் உதட்டைப் பார்க்கவில்லை.

வேலை முடிந்து அந்த வழியாக வந்த மனைவி நேரே போய் மோட்டாரை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில், குத்துகிற சத்தம் மட்டும் ஒரு தரம் தனியாகக் கேட்டது. அவர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மகளின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டில் வெந்நீரில் துணியை நனைத்து மகளுக்கு ஒற்றடம் கொடுத்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். வீங்கியிருந்த தோளில், கையால் அடித்தால் வராத ஒரு காயம். வரிசையாக நாலு துளை. கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் மகளும் வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தவள், கோபம் முற்றினால் மட்டும் பேசுகிற ஒருமையில் புருஷனிடம் சொன்னாள்.

"காலையில நல்ல சட்டையா போட்டுக்கோ. நீ குடுத்த பரிசைப் பார்க்கப் போறோம்."

மறுநாள் ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே மைதானத்தில் பள்ளிக்கூடமே வரிசையாக நின்றிருந்தது. உள்ளே ஹெட்மாஸ்டர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். பி.டி. வாத்தியார் பக்கத்து நாற்காலியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மேஜைக் கண்ணாடி மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஹெட்மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். வகுப்புத் தலைவி என்பதால் அடிவாங்க வேண்டியவனுக்கு இந்த அறையிலிருந்து பெல்ட்டை எடுத்து வருவது இவள் வேலை. நேற்று எடுத்து வர முடியாது என்றாள். முட்டி போடச் சொன்னதற்கு நின்றுகொண்டே இருந்தாள். பி.டி. வாத்தியார் தானே போய் எடுத்து வந்து தோளில் ஒன்று வைத்ததும் அடுத்த அடி விழுவதற்குள் பிடுங்கிவிட்டாள். பேச்சு வளர்ப்பானேன், வெளியே எல்லார் முன்னாலும் அப்பாவே ஆறு அடி கொடுத்துவிட்டால் விஷயம் இத்தோடு முடிந்தது, இல்லையென்றால் இதோ டி.சி. எழுதித் தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இழுப்பறையிலிருந்து பெல்ட்டை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"உங்க பொருள்தான். நாலு வருஷமா ஒரு குறையும் இல்லாம உழைச்சிருக்கு."

சணல் கட்டு மில்க்காரர் போட்ட கட்டுதான். நூறு கையின் வியர்வை ஏறிக் கறுத்துப் போயிருந்தது.

மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஒரு கண் பாதி மூடி வீங்கியிருந்தது. அப்பாவின் வலது பக்கமாக வந்து நின்று சொன்னாள்.

"இதுக்கு ஸ்கூல்ல என்ன பேருன்னு கேளுங்கப்பா. மில்க்காரர். மில்க்காரரைக் கூட்டிட்டு வான்னுதான் என்னை அனுப்புவாங்க."

மில்க்காரர் பெல்ட்டைக் கையில் எடுத்தார். தொழில்காரர் கை, எடுத்ததும் தானாகவே விரல் தடவிப் பார்த்தது. ரப்பர் தேய்ந்துபோய், நான்கு கொக்கிகளின் முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விரலில் சுருக்கென்று குத்தியது. ஆகாத இடம் என்று இவர் வெட்டிய இடம். மிச்சம் பிடித்த நல்ல பெல்ட்டு மிளகாய் மெஷினில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டப்பா தூக்கி வந்த கைகள் ஒவ்வொன்றாக அவர் கண் முன்னால் வந்தன. அவர் திட்டி அனுப்பிய பையனின் கையும் வந்தது. இடது உள்ளங்கையை விரித்து, வலது கையால் தனக்குத் தானே ஓங்கி ஒன்று வைத்தார். நாலு இடத்தில் ரத்தம் துளிர்த்தது.

"என்னய்யா நாடகம்?" என்று பி.டி. வாத்தியார் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் மில்க்காரர் அழுதிருப்பார். அவருக்கு அழத் தெரிந்ததைவிட அடிக்க நன்றாகத் தெரியும். ஊன்றியிருந்த அந்தக் கையின்மேல் பெல்ட்டை இறக்கினார். வாத்தியார் போட்ட அலறலில் மைதானத்தில் கடைசி வரிசை வரை தலை திரும்பியது. நாற்காலி சரிய எழுந்தவர் மில்க்காரரின் வாயில் ஒரு குத்து விட்டார். பல் ஒன்று ஆடியது. இருவரும் கட்டிப் புரண்டு மேஜைமேல் விழ, கண்ணாடி நொறுங்கியது. வாட்ச்மேன் ஓடி வந்து மில்க்காரரின் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்து இழுத்தான். நல்ல சட்டை முதுகு வரைக்கும் கிழிந்தது. ஹெட்மாஸ்டர் போனைக் கையில் எடுத்து, போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று கத்தினார்.

அதுவரை சுவரோரம் நின்ற மனைவி முன்னால் வந்தாள்.

"கூப்பிடுங்க சார். வரட்டும். இந்த சார் கையில நாலு ஓட்டை இருக்கு, எண்ணிக்கட்டும். அப்புறம் என் பொண்ணு தோளை எண்ணட்டும். அப்படியே வெளியில நிக்கிற பிள்ளைங்க கையையும் ஒண்ணொண்ணா எண்ணட்டும். நான் லீவு போட்டுட்டுதான் வந்திருக்கேன், சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்."

ஹெட்மாஸ்டர் பி.டி. வாத்தியாரைப் பார்த்தார். மாணவர்களிடம் இது சும்மா ஒரு தட்டல்தான் என்று சொல்லி வந்த ஆள், ஒரே அடிக்குக் கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போன் கீழே இறங்கியது. டி.சி. நாலாகக் கிழிந்தது. பெண் வகுப்புக்குப் போகலாம், பரீட்சை எழுதலாம். அப்பா மட்டும் இனி கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. பெல்ட்டை மனைவி தன் பைக்குள் போட்டுக்கொண்டாள், யாரும் கேட்கவில்லை. மகள் அப்பாவின் உதட்டு ரத்தத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

மில்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வீங்கின வாயோடு மில்லைத் திறந்தார். வந்தவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல வாத்தியாருக்கு விழுந்த அடி ஒன்றிலிருந்து மூன்றானது. மகளுக்காக அடித்தோம், மகளுக்காக அடி வாங்கினோம், அவள் படிப்பும் பிழைத்தது, நேற்று நடந்ததும் இன்றோடு நேராகிவிட்டது என்று அவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு மகள் ஃபிளாஸ்கோடு வந்தாள். வந்து சுவரோரம் சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே நின்றாள். அவருக்கு அவளிடம் என்னவோ கேட்க வேண்டும் போல இருந்தது. தோள் வலிக்கிறதா என்றாவது கேட்கலாம். இந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்பது? மோட்டாரை நிறுத்துவதற்காக அவள் தலைக்கு மேல் கையைத் தூக்கினார்.

ஃபிளாஸ்க் கீழே விழுந்து உடைந்தது. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அவள் சுவரோடு சரிந்தாள். ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து நின்று மடக்க முடியாத முட்டி, மில் தரையில் சிந்திய டீயிலும் மாவிலும் பதிந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கிய கை தூக்கியபடி இருக்க, அவர் குனிந்து அவள் உதட்டைப் பார்த்தார். நேற்றும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அடிக்காதீங்கப்பா.