எட்டில் அடங்காத மூன்று பேர்

அந்த அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கழித்தல்'. பதினோரு வருடமாக அவர் கட்டிக்கொண்டு அழுதது ஒரே வேலையை. கேமராவின் புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழிக்கும் நிரலை அவர் வேகமாக்க வேண்டும். சிப்பில் எட்டு எண்களை வரிசையாக ஏற்றி, இன்னொரு எட்டை ஒரே அடியில் கழித்துவிடலாம். எட்டில் அடங்காமல் கடைசியில் மிஞ்சுவதை மட்டும் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும், அதுதான் இழுவை.

"இந்த வாரமும் வேகம் ஏறலன்னா பொட்டியக் கட்டுங்க," என்றார் மேனேஜர். "கழிக்கிறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு நாற்காலி!"

எல்லாரும் சிரித்தார்கள், பாவிகள்.

ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? நிரலில் அந்த மிச்சத்தைக் கழிக்கும் நான்கு வரிகளையும் மனுஷன் அழித்துவிட்டார். படத்தின் ஓரத்தில் நாலைந்து புள்ளிகள் விடுபட்டால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது! வேகம் எகிறியது. மேனேஜர் முதுகில் தட்டினார்.

அடுத்த மாதம் ஆட்குறைப்பு வந்தது. ஊழியர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர்களின் இந்த வருட மதிப்பெண்ணிலிருந்து போன வருடத்ததை மேனேஜர் அதே நிரலால் கழித்தார். பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்பது பேர் தப்பினார்கள். அகரவரிசையில் கடைசி மூவருக்கு மொட்டையாகப் பூஜ்யம்: வயர்மேன், டெஸ்டிங் பார்க்கும் பெண், இவர்.

"ராப்பகலா உழைச்சேனே சார், எனக்கு எப்படி சைபர்?" என்று அந்தப் பெண் கழித்தலின் மேஜை முன் நின்று அழுதாள்.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவளுக்காகவா, தனக்காகவா என்று அவருக்கே தெரியாது. நேராக மேனேஜரிடம் போனார்.

"தப்பு என்னுது சார். மிச்ச வரிய நான்தான் தூக்கினேன். எட்டு எட்டா நாப்பது பேர் போக, மிஞ்சின மூணு பேரை அது கழிக்கவே இல்ல, அதான் சைபர்."

"அப்படியா? திரும்பப் போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

நடுக்கூடத்துப் பெரிய திரையில் நான்கு வரிகளையும் எழுதி ஓட்டினார். வயர்மேனுக்கு நான்கு கூடியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது. இவருக்கு மைனஸ் பதினேழு. வருடம் முழுக்க இந்த ஒரு நிரலைத் தவிர அவர் வேறெதையும் முடித்துக் கொடுக்கவில்லையே!

"சைபரோட கௌரவமா போயிருக்கலாம்ல, சார்?" என்றார் மேனேஜர்.

கூடமே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண்ணும் சிரித்தாள்.