இராசமலரும் இறுகிய ஆணியும்

"வாடி வா, பெரிய எஞ்சினியர்! திரும்பவும் இறுக்கிப்போட்டாய்."

இராசமலர் இப்படி ஏசுவது ஆணி அடிக்கும் மெசினை அல்ல, தன்னைத்தான். ஏசியபடியே கொம்பிரசரை நிறுத்துகிறார், காற்றுக் குழாயைக் கழற்றுகிறார், ஷாலை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு மெசினடியில் குந்துகிறார். காற்றை நிறுத்தாமல் அதில் கை வைக்கவே மாட்டார். "மூளைதான் இல்லை, விரலாவது மிஞ்சட்டும்" என்பார்.

நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில், தையல் கடைக்கும் போன் திருத்தும் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறது அவருடைய படச்சட்டக் கடை. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வருகிறவர்களிடம் தன் வேலையைப் புகழ்ந்து சொல்லத் தெரியாது. "யோசிச்சுத்தானே வந்தனீங்கள்? சுத்தியலாலை அடிச்ச காலத்திலை நான் போட்ட சட்டமெல்லாம் நாலு மூலையும் நாலு பக்கம் பாக்கும்" என்பார். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

தன் கேலியைத் தானே தாங்க முடியாமல் அவர் வாங்கியதுதான் இந்த மெசின். சாய்வாக அறுத்த இரண்டு சட்டங்களை மூலை சேர்த்து வைத்து மிதியை அழுத்தினால், மடித்த தகடு போன்ற சின்ன ஆணியொன்று கீழிருந்து ஏறி இரண்டையும் கவ்விக்கொள்ளும். ஸ்டேப்ளர் பின் மாதிரி அந்த ஆணிகளும் வரிசையாக ஒட்டியே வரும்.

அன்று நான் ஒரு கண்ணாடிக்குச் சட்டம் போடப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வாகீசன் நின்றார். ஓட்டோ ஓட்டுகிறவர். இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு படித்துப் பட்டம் வாங்கிய தன் மனைவி உதயகலாவின் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். பின்னேரம் சொந்தக்காரர் வருகிறார்கள். அதற்குள் படம் சுவரில் இருக்க வேண்டும், அவளுக்குத் தெரியவும் கூடாது. மூன்று மூலை முடிந்து நாலாவதில்தான் மெசின் மக்கர் பண்ணியது.

நசிந்த ஆணியை இராசமலர் குறட்டால் இழுத்தெடுத்தார். பிரஷ் போட்டார், எண்ணெய் விட்டார், காற்றைக் கொடுத்து மிதித்தார். 'டக்' என்ற சத்தம் வந்தது, ஆணி வரவில்லை. காற்றைக் கொஞ்சம் கூட்டினார். ஆணி பாதி ஏறி வளைந்து நின்றது.

"இன்னும் கூட்டுவமோ அக்கா?" என்றார் வாகீசன்.

"கூட்டினா மரம் பிளக்கும் தம்பி. இந்த நிறத்திலை வேறை கட்டை கடையிலை இல்லை."

வாகீசன் தெருவைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

இராசமலர் மறுபடி காற்றை நிறுத்திவிட்டு, ஆணி ஓடும் பள்ளத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே பளபளவென்று கட்டி கட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"சுப்பர் குளூ! நிலத்திலை சிந்தின ஆணியெல்லாம் பொறுக்கி, நான்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து வரிசையா ஒட்டினனான். முதலாளியம்மா சிக்கனம் பாத்தவ! ஒட்டினதும் நான், அடைச்சதும் நான். உந்தப் பாவப்பட்ட மெசினைக் குடுத்த கடைக்காரனைப் போனிலை எவ்வளவு ஏசிப்போட்டன்!"

கண்ணீர் வரச் சிரித்தார். வாகீசனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மெல்லிய பிளேடால் பசையைச் சுரண்டினார். ஒட்டுப்போட்ட ஆணிகளை வாளிக்குள் கொட்டிவிட்டுப் புது வரிசையொன்றை ஏற்றினார். காற்றைக் கொடுத்தார். மூலையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து மிதித்தார். 'சடக்.' பொருத்தில் ஒரு மயிரிழை நுழைய இடமில்லை.

கண்ணாடி போட்டு, பின்பலகை அடித்து நிமிர்த்தியபோது, கறுப்பு அங்கிக்குள் உதயகலா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாகீசன் படத்தைக் கையில் வாங்காமல் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உது விழாதுதானே? எங்கடை கலியாணப் படம் உங்கடை சட்டம் மூலை விட்டுத்தான் விழுந்தது. நான் சுவரிலை ஆணி ஒழுங்கா அடிக்கேல்லையெண்டு அவ இண்டைக்கும் என்னைத்தான் ஏசுறா."

இராசமலர் தன்னைத்தானே நக்கலடிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவரோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கடைசியாகப் பொருத்திய அந்த ஒற்றை மூலையை மட்டும் பிடித்து, கண்ணாடி போட்ட கனமான படத்தைத் தன் வெறும் பாதத்துக்கு நேர்மேலே தூக்கினார். மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.