படைக்காத சாமைத் தவிடு

பச்சையம்மா கோழி வளர்த்தது புருஷனை ஊரில் நிறுத்தி வைக்கத்தான். புருஷன் தீர்த்தகிரியின் அண்ணன் குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், திரும்பவே இல்லை. "இவரையாவது வுடமாட்டேங்க அத்தை" என்பாள் என்னிடம். நான் பக்கத்து வீட்டுக்காரி.

எண்பத்து மூன்றாம் வருஷம். ஒடுகத்தூர்க் கோழி வியாபாரி கலீல் பாய் வெள்ளைப் பண்ணைக்கோழிக் குஞ்சுகளையும் தீனி மூட்டைகளையும் கொண்டுவந்து இறக்கினார். வளர்ந்ததும் அவரே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. "தீனி பத்தலன்னா சாமைத் தவிடு கொஞ்சம் கலந்துக்கம்மா. உமி வாணாம், நல்லாப் பொடைச்சுப் போடு" என்றார்.

கார்த்திகை மழையில் எங்கள் ஊர் மலைப்பாதை சரிந்தது. லாரி ஏறவில்லை. தீனி அடிமூட்டைக்கு வந்துவிட்டது. புதுச் சாமை அறுத்து வீட்டில்தான் கிடந்தது. ஆனால் பொங்கலுக்குச் சாமிக்குப் படைக்கும்வரை புதுத் தானியத்தை நாங்கள் உரலில் போடமாட்டோம்.

"ரெண்டு மொறம் குத்திப் போடு. சாமி இன்னா, கோழிகூட சண்டைக்கு வருமா?" என்றான் தீர்த்தகிரி.

"சாமி வாயில வைக்காதத கோழி வாயில வைக்கச் சொல்றீங்களே, ஒங்களுக்கே அடுக்குமா?"

அவள் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன், கேட்டு எழுத வந்திருக்கிறாயே, அப்படியே எழுதிக்கொள்.

பரண்மேல் போன வருஷத் தவிடு இருந்தது. கூரை ஒழுகி, கட்டி கட்டியாகப் பச்சை பூத்திருந்தது. பாறையில் உதறிக் காயவைத்தாள். வெயிலில் நாற்றம் போயிற்று. நாட்டுக்கோழிக்கு நாங்கள் அப்படித்தான் போடுவோம். கடைத் தீனியோடு பாதிக்குப் பாதி பிசறி வைத்தாள். முண்டியடித்துத் தின்றன.

பிறகு இறக்கை தொங்கிற்று. தண்ணீரை மட்டும் குடித்துக் குடித்துத் தலை சாய்த்தன. மடியில் போட்டு மஞ்சளும் மிளகும் அரைத்துப் புகட்டினாள். கொட்டிலில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பாதை திறந்ததும் வந்த கலீல் பாய், மீந்த தவிட்டை முகர்ந்து பார்த்தார். "பூஞ்சணம்மா. காஞ்சாலும் வெசம் போவாது. நாட்டுக்கோழி தாங்கும், இதுங்க தாங்காது." திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள்.

அந்த வாரமே தீர்த்தகிரி குடகுக்குப் பஸ் ஏறினான். "பொங்கலுக்கு வர்றேன்" என்றான். அவன் அண்ணனும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனான்.

பொங்கல் வந்தது, அவன் வரவில்லை. படைத்த பிறகு பச்சையம்மா உரலில் சாமை குத்தினாள். புதுத் தவிடு பால் வாசத்தோடு முறத்தில் குவிந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொண்டா, என் கோழிக்காவது போடறேன்" என்றேன்.

முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.